எந்த ஜே.பி.என்.?



"ஜே.பி.என்.-இல் போய்க் கேளுங்கள்" என்று நம் நாட்டில் ஒருவர் சொன்னால், கேட்பவர் எங்கே போக வேண்டும்? பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுக்கும் இடம் என்று பெரும்பாலோர் சொல்வர். தேசியப் பதிவிலாகா, அதாவது 'ஜபாத்தான் பெண்டாஃப்தாரான் நெகாரா'. ஆனால் ஆசிரியர் அறையில் அதே மூன்றெழுத்தைச் சொல்லிப் பாருங்கள். ஒருவரும் பிறப்புப் பத்திரத்தை நினைக்க மாட்டார்கள். ஆசிரியர்களுக்கு அது மாநிலக் கல்வி இலாகா, 'ஜபாத்தான் பெண்டிடிக்கான் நெகிரி'. பணியிட மாற்றமும் சுற்றறிக்கையும் வருகின்ற இடம்.

இவ்விரண்டோடு முடிந்ததா என்றால் இல்லை. மாநில வேளாண்மை இலாகா 'ஜபாத்தான் பெர்த்தானியான் நெகிரி'. மாநில மீன்வள இலாகா 'ஜபாத்தான் பெரிக்கானான் நெகிரி'. காட்டியல் இலாகாவுக்கு 'பெர்ஹுத்தானான்', தகவல் இலாகாவுக்கு 'பெனராங்கான்'. தலைமைச் சட்டத்துறை அலுவலகம் மலாயில் 'ஜபாத்தான் பெகுவாம் நெகாரா'. இவற்றுள் எல்லாமே அந்த மூன்றெழுத்தை அன்றாடம் புழங்குகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆயினும் பெயர்ப்பலகையில் முதலெழுத்துகளைக் கூட்டினால் எல்லாம் ஒன்றே. மீன் வளர்ப்பவரும், மரம் வெட்ட உரிமம் கேட்பவரும், பிள்ளைக்குப் பெயர் பதிபவரும் ஒரே மூன்றெழுத்தின் கீழ் நிற்கிறார்கள்.

இதற்குக் காரணம் யாருடைய கவனக்குறைவும் அன்று. மலாய்மொழியின் சொல்லாக்க முறையே காரணம். 'டிடிக்' என்றால் கற்பித்து வளர்த்தல். முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து 'பெண்டிடிக்கான்' ஆகிறது. 'டாஃப்தார்' என்பது பதிவு. அது 'பெண்டாஃப்தாரான்' ஆகிறது. 'தானி' 'பெர்த்தானியான்' ஆகிறது, 'ஹுத்தான்' 'பெர்ஹுத்தானான்' ஆகிறது. பொருளைத் தாங்கி நிற்பது வேர்ச்சொல். முதலெழுத்தைத் தருவதோ முன்னொட்டு. ஆகவே சுருக்கும்போது சொல்லின் உயிர் விழுந்துவிடுகிறது, ஒட்டின் எழுத்து மட்டும் எஞ்சுகிறது. முன்னால் நிற்கும் 'ஜே' வெறும் 'இலாகா'. எல்லா இலாகாவுக்கும் அது உண்டு: பொதுப்பணி இலாகாவின் ஜே.கே.ஆர்., சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஜே.பி.ஜே., வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ஜே.பி.எஸ்.

பின்னால் நிற்கும் எழுத்தின் கதை இன்னும் வேடிக்கை. 'நெகாரா' என்றால் நாடு. 'நெகிரி' என்றால் மாநிலம். இரண்டும் சமற்கிருத வழியாக வந்து, நம் 'நகரம்' என்னும் சொல்லோடு உறவு பூண்டவை. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் எவ்வளவு வேறுபாடு! கோலாலம்பூரில் முடிவு செய்ய வேண்டியதற்கும் அலோர் ஸ்டாரில் முடிவு செய்யத் தக்கதற்கும் இடையிலான வேறுபாடு அது. சுருக்கத்தில் இரண்டுமே ஒற்றை 'என்'.

2004இல் கல்வி அமைச்சு இரண்டாகப் பிரிந்தபோது 'பெலாஜாரான்' என்ற பெயரைத் தாங்கியது. 2013இல் மீண்டும் இணைந்து 'பெண்டிடிக்கான்' ஆயிற்று. பெயர்ப்பலகைகளும் கடிதத்தாள்களும் மாறின. சுருக்கம் மட்டும் அசையவில்லை, ஏனென்றால் அங்கும் 'பி', இங்கும் 'பி'.

நம் ஜித்ராவுக்கு இன்னொரு ஜே.பி.என்.-உம் உண்டு. நாடுகளுக்கான அனைத்துலக மூன்றெழுத்துக் குறியீட்டில் ஜே.பி.என். என்பது ஜப்பான். ஒலிம்பிக் ஓட்டக்காரரின் சட்டையிலும் கடப்பிதழிலும் அதனைக் காணலாம். 1941 டிசம்பர் 11 முதல் 13 வரை இவ்வூரைச் சுற்றியுள்ள வயல்களிலும் இரப்பர்க் காடுகளிலும் மழைக்கிடையே நடந்த சண்டையில் பிரிட்டிஷாரின் 11ஆம் இந்தியப் படைப்பிரிவு நிலைகுலைந்து தெற்கே பின்வாங்கியது. அந்தக் குழப்பத்தில் பிடிபட்ட கேப்டன் மோகன் சிங்கை வைத்தே இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வித்து இந்தப் பகுதியில் விழுந்தது. பின்னர் தோட்டப்புறத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதும் அந்த ஆட்சியில்தான். அக்காலத்தில் இக்குறியீடு கிடையாது என்பது வேறு செய்தி. ஆனால் ஒரே ஊரில், ஒரே மூன்றெழுத்துக்குள், படையெடுத்து வந்த நாடும் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் தரும் இலாகாவும் குடியிருப்பதை எண்ணும்போது சற்றே திகைப்பாகத்தான் இருக்கிறது.

தமிழாசிரியர் ஒருவர் இதனைப் படித்துவிட்டு, "இதிலென்ன வியப்பு? பலபொருள் ஒருசொல் நம் மொழியில் இல்லையா?" என்று கேட்கக்கூடும். உண்டு. மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டில் ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்கியிருக்கிறார். 'மா' என்றால் மரம், விலங்கு, மாவு, பெருமை, ஒன்றில் இருபதில் ஒரு பங்கு. 'ஆறு' என்றால் நீரோட்டம், வழி, எண். ஆயினும் "ஆறு கரைபுரண்டது" என்றால் எந்தக் குழந்தையும் எண்ணை நினைப்பதில்லை. வாக்கியம் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஜே.பி.என். அப்படியில்லை. "அலோர் ஸ்டார் ஜே.பி.என்.-க்குப் பத்திரங்களை எடுத்துச் செல்லுங்கள்" என்ற வாக்கியத்தில் இரண்டு இலாகாக்களும் குறையின்றிப் பொருந்துகின்றன. இரண்டும் அரசு அலுவலகம், இரண்டிலும் முகப்பு உண்டு, இரண்டும் பத்திரம் கேட்கும். நிகண்டு இங்கே உதவாது.

இதனைச் சொல்விளையாட்டாகக் கருதி எழுதவில்லை. என்னை எழுத வைத்தது ஒரு பையனின் முதலாம் ஆண்டு.

அவன் தந்தை இவ்வூர்த் தமிழர், தாய் எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலிருந்து வந்தவர். திருமணம் பதியப்படவில்லை. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடி நம் குபாங் பாசு மாவட்டத்திலேயே இருப்பதால் இத்தகைய குடும்பங்கள் இப்பகுதியில் புதியன அல்ல. பதிவில்லாத உறவில் பிறந்த குழந்தை, நம் அரசமைப்புச் சட்டப்படி, குடியுரிமையில் தாயைப் பின்பற்றுகிறது. தந்தையின் நீல அட்டை அவனுக்குத் தானாக வந்துவிடாது. தாயும் தந்தையும் இருவேறு திசையில் போய்விட, தந்தைவழிப் பாட்டியிடம் வளர்ந்தான். அந்த மூதாட்டி பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்து ஓரத்தில் குடியேறியவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். மலாய் பேசுவார், படிக்க மாட்டார்.

ஆவணமில்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வழியே இல்லை என்று நினைப்போர் நம்மிடையே பலர். வழி இருக்கிறது. விண்ணப்பம் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாக மாநிலக் கல்வி இலாகாவுக்குப் போகும். அதன் ஒப்புதல் கிடைத்தால் பிள்ளை வகுப்பில் உட்காரலாம். இதற்கிடையில் பாதுகாவலர் தேசியப் பதிவிலாகாவில் ஆவணத்துக்கான முயற்சியைத் தொடர வேண்டும். கவனியுங்கள். ஒரே பிள்ளையின் ஒரே கோப்பில் இரண்டு ஜே.பி.என்.-உம் வருகின்றன. ஒன்று பள்ளிக்கூடக் கதவைத் திறப்பது, மற்றொன்று அடையாளத்தைத் தருவது. நாட்டில் வேறு யாருக்கும் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. மிகவும் எளியவர்களுக்குத்தான் தேவைப்படுகின்றன.

பள்ளியிலிருந்து பாட்டிக்குக் கொடுத்த கடிதத்தில், ஜே.பி.என்.-இன் ஒப்புதல் கடிதம் கிடைத்ததும் பையனை அழைத்து வரலாம் என்று ஒரு வரி. எந்தப் பள்ளி என்பது இங்கு வேண்டாம். எழுதியவருக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. அவர் அறையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள். ஆனால் பாட்டிக்குத் தெரிந்த ஜே.பி.என். வேறு. பேரனுக்காக அவர் ஏற்கெனவே ஏறி இறங்கிய படிகள் அவை. மீண்டும் பேருந்து ஏறி அங்கேயே போனார். பள்ளியில் சேர ஒப்புதல் கடிதமெல்லாம் தாங்கள் கொடுப்பதில்லை என்று முகப்பில் சொன்னார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். பாட்டி அதனைத் 'தர முடியாது' என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அத்தோடு விட்டுவிட்டார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, சந்தையில் பையனைக் கண்டு ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டேன். "அதான் போயிட்டு வந்துட்டேனே வாத்தியாரே. அங்க இல்லன்னுட்டாங்க. அவங்களே இல்லன்னா நான் யார்கிட்ட போயி கேக்கறது?" என்றார் பாட்டி. கடிதத்தை மடித்து இடுப்புப் பையிலேயே வைத்திருந்தார். வாங்கிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒப்புதல் உரிய இலாகாவிலிருந்து வந்து பையன் வகுப்பில் சேர்ந்தபோது மற்ற பிள்ளைகள் உயிர்மெய் எழுத்துகளுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

2003 முதல் நம் நாட்டில் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோரைச் சட்டம் கேள்வி கேட்கும். அனுப்ப முயன்று, ஒரு சுருக்கத்தால் தடுக்கப்பட்டவரைப் பற்றி எந்தச் சட்டமும் பேசுவதில்லை.

இனி நம் பக்கத்துக் குறையையும் பார்ப்போம். மலாய்ச் சுருக்கங்களை நாம் தமிழெழுத்தில் எழுதும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. வங்கி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும், பூங்கா என்பதற்கான சொல்லின் முதலெழுத்தும் தமிழில் ஒரே 'பி'. இந்த வேறுபாட்டை இந்தப் பத்தியிலேயே என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை, பாருங்கள்! தமிழில் சொல்லுக்கு முதலில் பகரம் ஒரே ஒலிப்பில் வரும். அதற்கேற்ப அமைந்த எழுத்து அது. எழுத்தில் குறையில்லை. பிறமொழி முதலெழுத்துகளை அதன்மேல் ஏற்றி வைப்பதில்தான் குறை.

விளைவு என்ன? 'பி.எம்.' என்று தமிழில் எழுதினால் அது மலாய்மொழிப் பாடம். நன்னெறிக் கல்வியும் பி.எம். பினாங்குப் பெருநிலத்தில் உள்ள புக்கிட் மெர்த்தாஜாமும் பி.எம். நாட்டின் பிரதமரும் பி.எம். "நாளை பி.எம். இல்லை" என்று ஆசிரியர் புலனத்தில் எழுதினால் பாடப்புத்தகத்தை எடுத்து வைப்பதா, செய்தித்தாளைப் புரட்டுவதா?

அதைவிடக் கொடுமை 'பி.பி.டி.' மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சுருக்கமும் வகுப்புசார் மதிப்பீட்டின் சுருக்கமும் மலாயில் நடுவெழுத்தால் வேறுபடுகின்றன. தமிழெழுத்தில் அந்த வேறுபாடும் போய், இரண்டும் பி.பி.டி. ஆகிவிடுகின்றன. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்பதைப் பெற்றோருக்குச் சொல்வது அந்த மதிப்பீடுதான். "பி.பி.டி. அறிக்கையைப் பெற்றுக்கொள்ள வரவும்" என்ற குறிப்பைப் பார்த்துத் தன் மகன்மீது மாவட்ட அலுவலகம் ஏதோ புகார் எழுப்பியிருக்கிறது என்று அஞ்சி வந்த தந்தையை நான் கண்டிருக்கிறேன். வேலையை விட்டு, அரைநாள் சம்பளத்தை விட்டு, வெளிறிய முகத்தோடு வந்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கால அட்டவணையில் நம் தமிழ்மொழிப் பாடத்தையே 'பி.டி.' என்று எழுதும் வழக்கம். தமிழ்ப்பள்ளியில், தமிழெழுத்தில், தமிழ்ப் பாடத்துக்குப் பி.டி.! போர்ட்டிக்சன் கடற்கரைக்கும் அதுதான் பெயர். 'தமிழ்' என்று எழுத மூன்றெழுத்து போதும். சுருக்கத்தில் மிச்சப்படுவது என்ன என்று எனக்கு விளங்கவே இல்லை.

சிறிய குழப்பங்கள் இன்னும் எத்தனையோ. எஸ்.பி. என்றால் கெடாக்காரருக்குச் சுங்கை பட்டாணி, பாடத்திட்டத்தில் கற்றல் தரம், காவல் நிலையத்தில் ஓர் அதிகாரி. எஸ்.கே. என்றால் தேசியப் பள்ளி, அதே பாடத்திட்டத்தில் உள்ளடக்கத் தரம். ஜி.பி. என்றால் எங்களுக்குத் தலைமையாசிரியர், பிள்ளைகளுக்குக் கைப்பேசியின் கொள்ளளவு. ஒரு பையன் "நம்ம பள்ளியில எத்தன ஜி.பி. சார்?" என்று கேட்டபோது, "ஒருவர்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சாலைப் பலகைகளில் கம்பத்தின் சுருக்கத்தைக் கண்டு கிலோகிராம் என்று படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை.

தமிழ் தன் இயல்பில் சுருக்கும்போது நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பது என் கருத்து. தொல்காப்பியர் வகுத்தபடி சொல்லுக்கு முதலில் வரத்தக்க எழுத்துகள் 94. உரோமன் எழுத்துகளோ 26. மூன்றெழுத்துச் சுருக்கம் என்று கொண்டால் உரோமனில் 17,576 சேர்க்கைகள், தமிழில் 830,584. இது வெறுங்கணக்கு, எல்லாச் சேர்க்கையும் சொல்லாகிவிடாது என்பதை அறிவேன். ஆனால் உயிரோசையும் சேர்ந்தே நிற்பதால் தமிழ்ச் சுருக்கம் தன் சொல்லை ஓரளவு நினைவூட்டுகிறது. ம.இ.கா. என்றால் மலேசிய இந்தியர் காங்கிரசைத் தவிர வேறு நினைவு வருவதில்லை. அதே கட்சியின் ஆங்கில மூன்றெழுத்து, 1984 டிசம்பரில் போப்பால் நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மெத்தில் ஐசோசயனேட்டு நச்சுவளிக்கும் உரியது. நம் முன்னோர் நாள், மாதம், ஆண்டு, வரவு, பற்று ஆகியவற்றுக்கு முதலெழுத்தை வைக்காமல் தனித்தனிக் குறியீடுகளையே அமைத்துக்கொண்டார்கள். பழைய கணக்கோலைகளிலும் நில ஆவணங்களிலும் அவற்றைக் காணலாம்.

இருந்தாலும் தமிழ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று மார்தட்ட நான் விரும்பவில்லை. 'தேசிய முன்னணி' என்றால் நமக்குப் பாரிசான் நேசனல். தமிழ்நாட்டுக்காரருக்கு 1989இல் வி.பி. சிங்கைப் பிரதமராக்கிய கூட்டணி. விரித்து எழுதியும் மோதுகிறதே!

என் கோரிக்கை சிறியது. பெற்றோர் கைக்குப் போகும் எந்தத் தாளிலும் இலாகாவின் பெயரை விரித்து எழுதுவோம். இதனை ஆசிரியர் கூட்டமொன்றில் சொன்னபோது ஒரு நண்பர் மறுத்தார். "தமிழில் 'தேசியப் பதிவிலாகா' என்று எழுதினால் அந்தப் பாட்டி முகப்பில் நின்று எப்படிக் கேட்பார்? பலகையில் இருப்பது மலாய்தானே" என்றார். நியாயமான கேள்வி. தூய தமிழில் எழுதிவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால், சுருக்கம் செய்த அதே தீங்கைத் தமிழும் செய்யும். ஆகவே தமிழ்ப் பெயர், அதனருகே மலாய்ப் பெயர் முழுவதும் தமிழெழுத்தில் ஒலிப்புக்காக, பிறகு உரோமனில் பலகையில் உள்ளபடி. கட்டடம் எங்கே இருக்கிறது என்பதையும், எதற்காகப் போகிறோம் என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். 'பள்ளியில் சேர்ப்பதற்கான ஒப்புதல்' என்ற மூன்று சொற்கள் அந்தக் கடிதத்தில் இருந்திருந்தால் போதும்.

"நேரம் ஏது?" என்பது அடுத்த மறுப்பு. அதற்கு எனக்குப் பொறுமை குறைவு. எழுதுபவருக்கு அரை நிமிடம். படிப்பவருக்கு ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், சில நேரம் ஒரு பள்ளித் தவணை. சுருக்கம் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது, யாருடைய நேரத்திலிருந்து எடுக்கிறது என்பதை நாம் கேட்பதே இல்லை. ஆசிரியர்கள் தமக்குள் எப்படியும் சுருக்கிக்கொள்ளட்டும். வேலைக்குழுவுக்குள் அது வசதிதான், நானும் புழங்குகிறேன். வாசலைத் தாண்டும் கடிதம் வேறு.

பையன் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். வாசிப்பில் வகுப்பை எட்டிப் பிடித்துவிட்டான், கணிதத்தில் இன்னும் தடுமாறுகிறான். பதிவிலாகாவில் அவனது விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. மைகார்டு எண்ணின் நடுவில் கெடாவில் பிறந்தோருக்கு வரும் 02 அவனுக்கு எப்போது கிடைக்கும் என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

முதலாம் ஆண்டுப் பதிவு, ஆவணமில்லாப் பிள்ளைகளின் சேர்க்கை, மதிப்பீட்டு அறிக்கை ஆகிய மூன்றுக்கும் பெற்றோருக்கான கடித மாதிரிகளை மேற்சொன்ன முறையில் எழுதி வைத்திருக்கிறேன். மாவட்டப் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டால் எந்தப் பள்ளிக்கும் பயன்படும். வேண்டும் ஆசிரிய நண்பர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.